கைத்திறனுக்கும் ஒரு கடவுச்சீட்டு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கடல் கடந்து பொருளீட்டுவது தமிழனுக்குப் புதிதன்று. எங்கள் பேரணாம்பட்டில், தோல் தொழிற்சாலைகளில் வேலை குறையும்போதெல்லாம் வெளிநாட்டுப் பேச்சு எழாத வீடு அரிது. என் தாய்மாமன் அப்படித்தான் மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போனார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் ஐந்நூறு பேர் உண்ணும் கல்யாணத்திற்கு, விறகடுப்பில் சீரகச் சம்பா பிரியாணியைத் தம் போட்டு, பருக்கை உடையாமல் இறக்குவார்.

அங்கே சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியொன்றில் அவருக்குக் கிடைத்ததோ வெங்காயம் உரிக்கும் வேலை! “சமைக்கத் தெரியுமான்னு யாரும் கேக்கலடா, சர்டிபிகேட் இருக்கான்னுதான் கேட்டாங்க” என்றார், ஊர் திரும்பியதும். அதே சமையற்கட்டில் இந்தோனேசிய இளைஞன் ஒருவன், தன் நாட்டுச் சான்றிதழைக் காட்டிச் சமையற்காரனாகவே சேர்ந்தானாம். அவன் தாள் மட்டும் கடல் தாண்டியது எப்படி?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், சுற்றுலாத் தொழிலாளரின் தகுதியை நாட்டுக்கு நாடு ஏற்றுக்கொள்ள ஓர் ஒப்பந்தம் கண்டது. அன்றைய பத்து உறுப்பு நாடுகளும் 2012க்குள் அதில் கையெழுத்திட்டன. வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், பரிமாறுதல் முதலான ஆறு பிரிவுகளில் 32 பணிகளுக்குப் பொது அளவுகோல் வகுத்தன. ‘என்ன செய்யத் தெரியும்?’ என்பதே அதன் உயிர்நாடி. வேலை அனுமதி அந்தந்த நாட்டுச் சட்டப்படிதான். ஆயினும், திறமையை ஒவ்வொரு வாசலிலும் புதிதாக மெய்ப்பிக்கும் அவதி குறைகிறது.

இந்தியா அந்த அமைப்பின் உறுப்பினர் அன்று. அனுபவத்தால் கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு, 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் நமக்கும் உண்டு. நல்ல தொடக்கமே. ஆனால் அயல்நாடு ஏற்காத சான்று, சுவரில் மாட்டத்தானே உதவும்?

1875இல் பாரிசில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்ததால்தான், இன்று கிலோகிராம் பேரணாம்பட்டிலும் லங்காவியிலும் ஒன்றாக இருக்கிறது. எங்கள் பகுதித் தோலைச் சோதித்துச் சான்றளித்தால் ஐரோப்பாவும் வாங்குகிறது. பண்டத்திற்குக் கண்ட அளவுகோலை மனிதனின் உழைப்பிற்குக் காண முடியாதா? நம் மக்கள் வேலை தேடிச் செல்லும் நாடுகளோடு நம் அரசு இதற்கென ஒப்பந்தம் செய்யவேண்டும்.

‘இன்னொரு தாளா? ஏழைக்கு இன்னொரு தடையன்றோ?’ எனச் சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம். ஆகவே சோதனை எழுத்துத் தேர்வாக இருத்தல் கூடாது. அடுப்படியிலேயே, தமிழிலும் உருதுவிலும், கட்டணமின்றி நடக்கவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன் நான். மூன்றாண்டு படிப்பிற்கு எனக்கொரு தாள் கிடைக்கும். முப்பதாண்டு அடுப்பு வெக்கையில் மாமா கற்றதற்கு ஒன்றுமில்லை. இது முறையா, நண்பர்களே?