எக்ஸ்டென்ஷன் போட்டால் டார்க் அளவு மாறுமா?

“டிராக்டர் பின்சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கும்போது எக்ஸ்டென்ஷன் மாட்டினால் அளவு மாறுமா?”
– வாசகர், காட்டுப்பள்ளி, திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: அது எந்தப் பக்கம் நீள்கிறது என்பதைப் பொறுத்தது. சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவே நேராக நிற்கும் ராடு அளவை மாற்றாது. சாயாமல் பிடித்தால் போதும்.

கைப்பிடியின் நேர்க்கோட்டில் முன்பக்கம் நீளும் அடாப்டரை மாட்டினால், ரெஞ்ச் காட்டுவதைவிட அதிக விசை நட்டில் இறங்கும். உதாரணமாக, கைப்பிடி நடுவிலிருந்து ரெஞ்ச் முனை வரை 50 செ.மீ., அடாப்டர் 10 செ.மீ., தேவை 120 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 50-ஆல் பெருக்கி, மொத்த நீளமான 60-ஆல் வகுத்தால் 100. இதைத்தான் ரெஞ்சில் வைக்க வேண்டும். 120-ஐயே வைத்தால் 144 இறங்கி, மரை அறுந்துபோகலாம். அடாப்டரைக் கைப்பிடிக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் இந்தக் கணக்கே வேண்டாம்.

கடலோர உப்புக்காற்றில் மரை துருப்பிடிக்கும். துருவின் உராய்வே விசையைத் தின்றுவிடுவதால், ரெஞ்ச் ‘கிளிக்’ என்றாலும் நட்டு சரியாக இறுகியிருக்காது. சக்கரம் கழன்றால் உயிருக்கே ஆபத்து. கம்பி பிரஷால் மரையைச் சுத்தம் செய்த பிறகே இறுக்குங்கள். கையேடு சொல்லாமல் எண்ணெய் தடவாதீர்கள். அளவுக்கு மீறி இறுகிவிடும். உங்கள் டிராக்டருக்கான டார்க் அளவும் கையேட்டிலேயே இருக்கும்.