யாரைக் கேட்பது?

புதுச்சேரியில் நைனியப்பப் பிள்ளை வீதி என்று ஒன்று இருக்கிறது. விலாசம் சொல்லும்போது தவிர அந்தப் பெயரை இன்று யாரும் உச்சரிப்பதில்லை. அந்தப் பெயர் கொண்டவர் இந்த ஊர்க் கடைத்தெருவில் எல்லாரும் பார்க்கக் கசையடி பட்டவர்.

1708இல் அவரைப் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக அமர்த்தியவர் கவர்னர் எபேர். 1716இல் அவரைச் சிறையில் தள்ளியவரும் அதே எபேர்தான். கொடுங்கோன்மை, ராஜத்துரோகம் என்பவை குற்றச்சாட்டுகள். அந்தப் பதவியில் கிறிஸ்தவர் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரிமார் வெகுநாளாக நெருக்கிக்கொண்டிருந்தார்கள். சாட்சிகள் தமிழில் சொன்னது பிரெஞ்சில் பதிவானது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலே அவர்கள் போட்டார்கள் என்பது நைனியப்பர் தரப்பின் முறையீடு. ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தொகை அபராதம், பிள்ளைகளுக்கு ஊர்விலக்கு என்று தீர்ப்பானது. தண்டனைக் காலம் முடியவில்லை. 1717இல் சிறையிலேயே உயிர் போனது.

குடும்பம் விடவில்லை. கடல் கடந்து பாரீஸ்வரை முறையீடு போனது. ஏசு சபைக்கு ஆகாத பாதிரிமாரும் எபேரோடு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்த பிரெஞ்சு வியாபாரிகளும் கைகொடுத்தார்கள். நியாயத்தின் மேல் பிறந்த பற்று அல்ல அது, அவரவர் லாபம். ஆனாலும் சில ஆண்டுகளில் தீர்ப்பு ரத்தானது. எபேரின் பதவி போனது. இறந்தவரின் வாரிசுகளுக்கு நட்டஈடு தரும்படியும் அவருக்கு உத்தரவானது. மகன் குருவப்பர் பாரீஸுக்கே போய் ஞானஸ்நானம் பெற்று, ஷெவாலியே பட்டத்தோடு திரும்பித் தகப்பன் வகித்த பதவியில் உட்கார்ந்தார்.

காலனிய நீதியை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. முதுகில் விழுந்த அடியை எந்தப் பாரீஸ் தீர்ப்பும் எடுத்துவிடவில்லை. ஆனால் அந்தக் கொடுமையைச் செய்தவர் இன்னார் என்று சொல்ல ஒரு பெயர் இருந்தது. விசாரணைத் தாள்கள் இருந்தன. அவற்றின் அடியில் கையெழுத்துகள் இருந்தன. பெயரைச் சொல்லி, தாளைக் காட்டி, இவர்தான் என்று கேட்க முடிந்தது.

நைனியப்பரின் மைத்துனர் மகன்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பைப் பிரபஞ்சனின் நாவல்கள் வழியாக நம்மில் பலர் அறிவோம். பிள்ளை புனிதர் அல்லர். கம்பெனியின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்துகொண்டே சொந்த வியாபாரமும் நடத்தினார். பதவி எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக்காட்ட அவராலேயே முடிந்திருக்காது. 1746இல் தலைமைத் தரகர் கனகராய முதலி இறந்ததும் அந்த இடத்துக்கு யார் யார் அலைந்தார்கள், கவர்னர் துய்ப்ளேக்ஸின் மனைவிக்கு எவ்வளவு தருவதாகப் பேச்சு நடந்தது என்பதையெல்லாம் சந்தைச் செலவு எழுதுவதுபோல எழுதிவைத்திருக்கிறார். வெட்கமும் இல்லை, மறைப்பும் இல்லை. எழுதிவைத்ததால்தான் இன்றைக்கு நாம் அவரையும் சேர்த்தே விசாரிக்க முடிகிறது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. துணி மில், தனியாரிடமிருந்து அரசு கைக்கு வந்து, தேய்ந்து, 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. முதலியார்பேட்டையில் அந்த மில் சங்கின் ஓசையை வைத்துச் சமையலை முடித்த வீடுகள் எத்தனையோ உண்டு. இந்த மில்லை நட்டத்தில் தள்ளியவர் யார்? தானே புயல் என்பார்கள், நூல் விலை என்பார்கள், முந்தைய ஆட்சி என்பார்கள். ஒரு மனிதரின் பெயர் மட்டும் வராது. அரசு நிறுவனங்களின் தலைவர் நாற்காலியை ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்களுக்குப் பங்குபோடுவது இங்கே வெகுநாள் வழக்கம். காருக்கும் அறைக்கும் பெயர்ப்பலகைக்கும் ஆள் உண்டு. நட்டத்துக்குத்தான் ஆள் இல்லை.

நகராட்சியின் கதை இன்னும் விசித்திரம். பிரெஞ்சுக்காரர்கள் 1880லேயே இங்கே கொம்யூன்களை அமைத்து மேயர் பதவியை உண்டாக்கினார்கள். சுதந்திர இந்தியாவிலோ 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது 2006இல்தான் நடந்தது. முப்பத்தெட்டு வருஷ இடைவெளி! அப்படி வந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி குறித்தும் இடஒதுக்கீட்டுச் சிக்கலில் வழக்காகி நின்றது. கடற்கரையோரம் இருந்த, மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் அதைப் பழையபடியே கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். தூண் வந்துவிட்டது, வெள்ளைச் சுண்ணாம்பு வந்துவிட்டது, சுற்றுலாப் பயணிகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே உட்கார வேண்டிய, நாம் ஓட்டுப்போட்டு அனுப்பும் நகரமன்றம் மட்டும் வரவில்லை.

வாய்க்கால் அடைத்துக்கொண்டால் அதிகாரியிடம் போகிறோம். நிதி இல்லை என்கிறார். அமைச்சரிடம் போனால் கோப்பு துணைநிலை ஆளுநர் மாளிகையில் இருக்கிறது என்கிறார். அங்கே கேட்டால் டெல்லி. இதில் லஞ்சம் வாங்கியவர் ஒருவரும் இல்லாமலே இருக்கலாம். அப்போதும் இது ஒழுக்கக்கேடுதான். பதவியில் நேர்மை என்பது கை நீட்டாமல் இருப்பதோடு தீர்ந்துவிடுகிற சங்கதி அல்ல. இதை முடிவுசெய்தவன் நான் என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். கடைக்காரருக்கும் இது பொருந்தும்: பில் இல்லாமல் சரக்கு விற்கும் வியாபாரி வரியை மட்டும் ஏய்க்கவில்லை, நாளைக்கு நாம் கேட்கப்போகும் கேள்வியிலிருந்தும் தப்பிக்கிறார்.

அடுத்து ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இலவச அரிசி, மிக்ஸி பற்றிப் பேசுவதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உள்ளாட்சித் தேர்தலை எந்த மாதம் நடத்துவீர்கள்? மில் நட்டக் கணக்கைப் பெயர்களோடு எப்போது வெளியிடுவீர்கள்? அவர் சொல்லும் பதிலைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.