துடைப்பதும் ஆய்வின் பகுதியே

தமிழ்த்துறையினர் மைக்ரோவேவ் கேபிளைப் பற்றி எழுதுவதா என நண்பர்கள் வியக்கக்கூடும். சுவடியின் தூசு தட்டி, எழுத்தைக் கண்ணால் உறுதிசெய்த பின்னரே பாடம் முடிவுசெய்ய வேண்டும் எனப் பயின்றவர்கள் நாம். அதே ஒழுக்கம் ஆய்வகங்களில் கடைநிலை ஊழியரின் வேலையாக எண்ணப்படுவதுதான் நம் ஆதங்கம்.

1964இல் அமெரிக்காவின் ஹோல்ம்டெலில் பென்சியாஸ், வில்சன் இருவரும் தம் கொம்பு ஆண்டெனாவில் தீராத இரைச்சலொன்றைக் கண்டனர். புறா எச்சத்தைக் கழுவினர். தகட்டு இணைப்புகளின்மேல் அலுமினிய நாடா ஒட்டினர். இரைச்சல் நீங்கவில்லை. அது பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு என்று தெளிவாயிற்று. 1978இல் நோபல் பரிசு. புறாக்கதையைப் பலரும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். அத்துடைப்பு இல்லையேல், எஞ்சியது வானத்தினுடையது எனச் சொல்லும் உரிமை அவர்களுக்கு ஏது?

மறுதலையான சான்றும் உண்டு. நியூட்ரினோக்கள் ஒளியை 60 நானோ நொடி முந்தின என்று 2011இல் ஓபரா குழு அறிவித்தது. 2012இல் வெளிப்பட்ட பிழைகளுள் பெரியது, சரியாகப் பொருந்தாத ஒளியிழைக் கேபிள். நாம் பேசுவது கோஆக்சியல் கேபிளை. எனினும் நோய் ஒன்றே.

கோஆக்சியல் கனெக்டரில் இந்நோய் தொற்றவும் செய்யும். மலிவான எஸ்.எம்.ஏ. கனெக்டரின் நடு ஊசி சற்றே வெளியே நீண்டிருந்தால், அதை மாட்டிய விலையுயர்ந்த 3.5 மி.மீ. கனெக்டரின் விரல்கள் வளைந்துபோகும். பிறகு அதனுடன் சேரும் ஒவ்வொன்றும் ஐயத்துக்குரியதே. ஆகவே மாட்டுமுன் உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும்: ஊசி நடுவில் நிற்கிறதா, மரையில் உலோகத்துகள் உண்டா, பூச்சு உரிந்ததா? நீட்சியை அளக்கத் தனி அளவி இருக்கிறது. வாயால் ஊதலாகாது, மூச்சின் ஈரம் படியும். நார் உதிராத துடைப்பானில் சிறிதே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உலரவிட வேண்டும். திருகும்போது நட்டு மட்டுமே சுழல வேண்டும். உடலைச் சுழற்றினால் ஊசி, தான் புகுந்த துளையை அரம்போல் தேய்க்கும். முடிவில் டார்க் ஸ்பேனர்: 3.5 மி.மீ. வகைக்கு 0.9 நியூட்டன் மீட்டர், எஸ்.எம்.ஏ.வுக்கு 0.56 அளவில். (கைப்பலத்தைக் காட்ட வேறு இடங்கள் உள்ளன.)

இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. ஆயினும் நாம் அறிந்த செய்முறைப் பதிவேடுகளில் வரைபடத்துக்கு மதிப்பெண் உண்டு, கனெக்டரைப் பார்த்ததற்கு இல்லை. அழுக்கேறிய இணைப்பில் வந்த வளைகோட்டை மாணவர் அழகாக வரைந்து முழு மதிப்பெண் பெறுகிறார். இது கல்வியா?

செய்முறைத் தேர்வில் நான்கு கனெக்டர்களை மேசைமேல் வையுங்கள். ஒன்று பழுதுற்றதாக இருக்கட்டும். அதைக் கண்டு ஒதுக்கும் மாணவருக்கு மதிப்பெண் வழங்குங்கள். எப்படிப் பார்ப்பது, எப்படித் துடைப்பது என்பதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மொழிநடை திருத்தித் தர நாம் ஆயத்தம். ஒதுக்கியதை இடுக்கியால் நசுக்கிவிடவும் மறவாதீர்கள். இல்லையெனில் அடுத்த பருவத்தில் அது மீண்டும் இழுப்பறையிலிருந்து மேசைக்கு வந்துவிடும்.