அரை நிழலிலும் பூக்கும் ரோஜா

ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்பது நர்சரிகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. பக்கத்து மாடியும் வேப்பமரமும் பாதி வெயிலை மறைத்துவிடும் வீட்டுக்காரர் அதோடு ஆசையை விட்டுவிடுகிறார். அந்த அளவு எல்லா ரோஜாவுக்கும் பொருந்தாது. ஒரு காம்புக்கு ஒரு பெரிய பூ விடும் ஹைபிரிட் டீ வகைக்கு அது சரி. கொத்துக் கொத்தாகப் பூக்கும் புதர் ரோஜாக்களில் பல நான்கு மணி நேர வெயிலிலேயே தேறிவிடும்.

இங்கிலாந்தின் எசெக்ஸில் பாதிரியார் ஜோசப் பெம்பர்டன் உருவாக்கிய ஹைபிரிட் மஸ்க் ரோஜாக்கள் இதற்கு நல்ல சான்று. ஜெர்மானியர் பீட்டர் லாம்பர்ட்டின் ‘ட்ரியர்’ ரோஜாவை வைத்து அவர் வளர்த்தெடுத்த வம்சத்தில் ‘பெனலோப்’ 1924-லும் ‘கார்னீலியா’ 1925-லும் வெளிவந்தன. வெயில் குறைந்த அந்த நாட்டிலும், பாதி நாள் நிழல் விழும் மூலைக்கு இவற்றைத்தான் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். ‘ட்ரியர்’ வழியே இவற்றில் கிழக்காசியக் காட்டு ரோஜாவான மல்டிஃபுளோராவின் இரத்தம் ஓடுகிறது. காட்டோரப் புதர்களில் வளர்ந்து பழகிய இனம் அது.

நம் ஊர்ச் சமவெளியில் நிழல் ஒரு வகையில் உதவியும்கூட. சித்திரை வெயில் உச்சிக்குப் பின் இதழைக் கருக்கிவிடும். காலை வெயில் பட்டு மதியத்துக்குமேல் நிழல் விழும் கிழக்குப் பக்கம்தான் ரோஜாவுக்கு அருமையான இடம். அங்கே இதழ் அடுக்கு குறைந்த, கொத்தாகப் பூக்கும் செடியை வைக்கலாம்.

நிழலில் பூ குறையும், கிளை வெளிச்சம் தேடி நீளும். அதைவிடப் பெரிய தொல்லை இலைக் கரும்புள்ளி நோய். இலை சுமார் ஏழு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் போதும், அந்தப் பூஞ்சை முளைத்துவிடும். நிழலில் ஈரம் காய நேரமாகும். அதனால் தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்ற வேண்டும். காற்று புகச் செடிகளுக்கிடையே இடம் விட வேண்டும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும்.

அடர்ந்த மாமரத்தின் அடியில் மட்டும் எந்த ரோஜாவையும் வைக்க வேண்டாம். வெளிச்சமும் கிடைக்காது, மண்ணின் ஈரத்தையும் மரத்தின் வேர் இழுத்துக்கொள்ளும்.

நர்சரிக்காரர்கள் தொட்டியில் பூவின் படத்தை ஒட்டுவதோடு, அந்தச் செடிக்கு எத்தனை மணி நேர வெயில் வேண்டும் என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும். வாங்குபவரும் தன் வீட்டு மூலையில் வெயில் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒருநாள் பார்த்துக் குறித்துக்கொண்டு போகட்டும்.