லைவ்ல பார்த்தேன்

‘ஆராதனைக்கு வரலையா தம்பி?’ என்று கேட்டால் ‘லைவ்ல பார்த்தேன் அண்ணே’ என்கிறார்கள். கொரோனா ஊரடங்கில் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது யூடியூப் ஆராதனை தேவையாக இருந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கு இன்றும் தேவை. இருபத்தைந்து வயசு ஆளுக்கு எதுக்கு?

இலக்கியம் வாசிக்கும் நண்பர்கள் இதையே நாசூக்காகச் சொல்வார்கள்: ‘எனக்கு இயேசு போதும், சபை வேண்டாம். அங்கே சாதி, பணம், தேர்தல்.’ எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவோடுதான் என் சண்டை.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1872-ல் கட்டிய அந்தக் கத்தோலிக்கக் கோயில், கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்தது. பீடம் ஒன்று, சாதிக்கொரு கால். 1910-ல் பிரிவுச் சுவர் இடிக்கப்பட்டது. ஆதிக்க சாதியார் வழக்குப் போட்டார்கள். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. சுவரைக் காக்க நினைத்தவர்கள் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. கோர்ட்டு வரை போனார்கள். அதை இடிக்கவும் உள்ளே ஆள் வேண்டியிருந்தது.

இன்றைக்கும் அதே கணக்குதான். சி.எஸ்.ஐ. சபையில் சேகரக் கமிட்டிக்கும் திருமண்டலப் பெருமன்றத்துக்கும் ஓட்டுப் போட்டுத்தான் ஆள் அனுப்புகிறோம். பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி, நிலம் எல்லாம் யார் கைக்குப் போகும் என்பது அங்கே ஆரம்பிக்கிறது. நீங்கள் வராத அன்று, வேன் வைத்து ஆள் கூட்டி வருகிறவர் ஜெயிக்கிறார். பிறகு ‘சபை கெட்டுப்போச்சு’ என்று ஸ்டேட்டஸ் போட்டு என்ன பிரயோஜனம்?

சாதியின் பேரால் அவமதிக்கப்பட்டு ஒருவர் வெளியேறினால் அது அவருடைய நியாயம். அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முன்வரிசையில் பிறந்து, அந்த இடத்தைச் சும்மா காலி செய்துவிட்டு விமர்சனம் எழுதுகிறவர்களிடம்தான் பேசுகிறேன்.

அதற்காக ஞாயிறுதோறும் வந்து பெஞ்சைத் தேய்ப்பதும் பங்கேற்பு இல்லை. முன்பெல்லாம் பூசை லத்தீனில் நடக்கும். சனங்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டில் முழுசாகப் பங்கெடுப்பது திருமுழுக்குப் பெற்ற எல்லாருக்கும் உரிமை, கடமையும்கூட என்றது. இப்போது பூசை தமிழில் நடக்கிறது. நாம் செபமாலைக்குப் பதிலாக போனை உருட்டுகிறோம்.

பங்கேற்பு என்றால் பெரிய ஊழியம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் நம் ஆச்சிமார் உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். கையில் காசு இல்லாதவர்களும் அப்படித்தான் சபையை நடத்தினார்கள். அசனத்துக்கு முந்தின ராத்திரி வெங்காயம் உரிக்க உட்காருங்கள். எந்த வீட்டில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லை, யாருக்கு ஆபரேஷன் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். லைவ்ல விழாது. வருடக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து, ‘இந்தத் தொகைக்கு ரசீது எங்கே ஐயா?’ என்று கேளுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

அடுத்த தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் ஒட்டுவார்கள். சந்தா பாக்கியைக் கட்டிவிட்டு, உங்கள் பேர் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள்.