இல்லாமைக்கு ஓர் அபராதமா?



சென்ற மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைக்கும் ஒரு சகோதரர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "ஐயா, இதில் என் தவறு எது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அவருடைய வண்டிக் கடனுக்கு மாதத் தவணை 3,200 ரூபாய். ஐந்தாம் தேதி கணக்கில் இருந்தது 3,060. வெறும் 140 ரூபாய் குறைந்ததால் தவணை திரும்பிவிட்டது. அதற்காக வங்கி 500 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590 ரூபாயைக் கழித்துக்கொண்டது. இதை அறியாத அவர், குறைந்த 140 ரூபாயைக் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போட்டார். மூன்று நாள் கழித்து நிதி நிறுவனம் மறுபடியும் தவணையைக் கேட்டது. அப்போது இருந்ததோ 2,610. மறுபடியும் திரும்பியது, மறுபடியும் 590. நிதி நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு 590 விதித்தது. ஆக, 140 ரூபாய்க் குறைவுக்கு 1,770 ரூபாய் தண்டம். முதல் குறைவு அவருடையது. இரண்டாம் குறைவை உண்டாக்கியது முதல் அபராதமே அல்லவா?

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அப்போது என் வாயிலிருந்து முதலில் வந்த சொல், "வரவறிந்து செலவு செய்ய வேண்டாமா, தம்பி?" என்பதே. அவர் கோபப்படவில்லை. "ஏழாம் தேதி வரவேண்டிய சம்பளம் பன்னிரண்டாம் தேதிதான் வந்தது, ஐயா" என்றார். ஐந்து நாள் தாமதித்த ஒப்பந்தக்காரருக்கு எவரும் அபராதம் விதிக்கவில்லை. 140 ரூபாய் குறைந்தவருக்கு மூவுறை விதித்தார்கள். நானோ, விதிக்கப்பட்டவருக்கே போதித்துக்கொண்டிருந்தேன்.

இது ஒருவருடைய கதை அன்று. ஜூஜூவாடியிலிருந்து சூளகிரி வரை, பாகலூர்ச் சாலையிலும் அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பாலும், ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் புதிய சம்பளக் கணக்கு ஒன்று திறக்கப்படுகிறது. பழைய கணக்கில் சில மாதங்கள் சம்பளம் வராவிட்டால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறுகிறது. குறைந்தபட்ச இருப்பு என்னும் நிபந்தனையும் கூடவே வந்து சேருகிறது. மறந்துபோன கணக்கில் அபராதம் மட்டும் மறவாமல் ஏறுகிறது.

இதன் அளவை அரசின் கணக்கே காட்டுகிறது. 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை, குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடமிருந்து பாரத ஸ்டேட் வங்கி வசூலித்தது ஏறக்குறைய 1,771 கோடி ரூபாய். அவ்வாண்டு ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அவ்வங்கி ஈட்டிய நிகர லாபத்தைவிட இது அதிகம். எதிர்ப்பு எழுந்தது, 2020 மார்ச்சில் அந்த நிபந்தனையையே அவ்வங்கி நீக்கியது. ஆயினும், 2019–20 முதல் 2023–24 வரையிலான ஐந்தாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இதே வகையில் 8,495 கோடி ரூபாய் வசூலித்ததாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2025-இல்தான் கனரா வங்கி, இந்தியன் வங்கி முதலியன இந்த அபராதத்தைக் கைவிட்டன.

நம் மாநிலத்திலோ, 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக முதன்முறை 1,000 ரூபாய் வந்தபோது, பல பெண்களின் கணக்கில் அந்தப் பணத்தையே சில வங்கிகள் பழைய கட்டணங்களுக்காகக் கழித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியதாயிற்று.

"வங்கி என்ன தர்மசத்திரமா? நிபந்தனைகளுக்குக் கையெழுத்திட்டவர்தானே அவர்?" என்று கேட்பவர்கள் நம் சபையிலும் உண்டு. அவர்களுக்கு மூன்று பதில்கள்.

ஒன்று: கடன் கொடுத்தவன் வட்டி கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. இங்கே வங்கி அந்த 140 ரூபாயைக் கொடுக்கவில்லை. "பணம் இல்லை" என்று ஒரு மின்னணுச் செய்தியைத்தான் அனுப்பியது. கொடாத உதவிக்குக் கூலி கேட்பது எந்த வியாபார நீதி? பிரிட்டனில் கணக்கிருப்புக்கு மேல் பணத்தைக் கொடுத்துவிட்ட வங்கியே 2020 ஏப்ரல் முதல் அதற்கு நிலையான அபராதம் வாங்கக் கூடாது. ஆண்டு வட்டி மட்டுமே வாங்கலாம்.

இரண்டு: தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். குறைந்தபட்ச இருப்புக்கான அபராதம் குறைவின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், முன்னறிவிப்புத் தர வேண்டும், அதனால் மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரிலேயே கட்டளையிட்டது. இதே நீதி தவணை திரும்பும் கட்டணத்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது? 140 குறைந்தாலும் 3,000 குறைந்தாலும் 590 என்பது எந்தத் தராசு?

மூன்று: இரவுப் பணி முடித்து வந்து, ஒப்பந்தக்காரர் நீட்டிய தாளில் கையெழுத்திட்டால்தான் வேலை என்னும் நிலையில் இடப்பட்ட கையெழுத்து, சுதந்திரமான சம்மதம் ஆகாது.

வேதம் இதில் மௌனமாக இல்லை. யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில், ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினவன் பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுக்கக் கட்டளை உண்டு. இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறொன்றும் இல்லை என்பதே காரணம். கடன் கொடுத்தவனின் உரிமைக்கு எல்லை, கடனாளியின் அன்றிரவுத் தேவை. மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் இரண்டு காசு போட்ட விதவையை நாம் காணிக்கை நேரத்தில் பேசுகிறோம். விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைக் குறித்த எச்சரிப்பு அதற்குச் சற்று முன்னேதான் நிற்கிறது என்பதை எத்தனை முறை பேசியிருக்கிறோம்? சந்தா பாக்கியுள்ளவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் சபை, வங்கியைக் குறை சொல்லும் முன் அந்தத் தாளைக் கிழித்துவிடட்டும்.

ஆகையால், பிரியமானவர்களே, ஜெபத்தோடு செயலும் வேண்டும். குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை 2012 முதலே எல்லா வங்கிகளும் தரக் கடமைப்பட்டவை. இருக்கும் கணக்கையும் அவ்வாறு மாற்றித்தரக் கேட்கலாம். பயன்படாத பழைய சம்பளக் கணக்குகளை எழுதிக்கொடுத்து மூடுங்கள். தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்குப் பின் தள்ளும்படி நிதி நிறுவனத்துக்கு எழுதுங்கள். அநியாயமாகக் கழித்தால் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

அந்தச் சகோதரருக்காக நம் சபை வாலிபர் ஒருவர் விண்ணப்பம் எழுதினார். நிதி நிறுவனம் தவணைத் தேதியைப் பதினைந்துக்கு மாற்றியது. வங்கி ஒரு 590-ஐத் திருப்பியது. மற்றதைத் திருப்ப மறுத்தது. புகார் தொடர்கிறது. இனி மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பின், கணக்குப் புத்தகங்களோடு வருகிறவர்களுக்காகச் சபை மண்டபம் திறந்திருக்கும். எழுதத் தெரிந்தவர்கள் பேனாவோடு வாருங்கள்.

ஜெபம்: நீதியுள்ள பிதாவே, இல்லாதவனைக் குற்றவாளியாகப் பார்த்த எங்கள் கண்களை மன்னியும். எளியவனுக்காக எழுதவும் பேசவும் எங்களுக்குத் தைரியம் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.