அம்மாம் பெரிய வண்டி எதுக்குங்க?

நேத்து ஆபீஸ்ல டீ குடிக்கும்போது டீம் லீட் கேட்டார், "இன்னுமா அந்த தீப்பெட்டியை ஓட்டுற?"ன்னு. தீப்பெட்டின்னு அவர் சொன்னது எங்கப்பா 2003-ல வாங்கின மாருதி 800-ஐ. அவர் போன மாசம்தான் ஸ்கார்ப்பியோ-என் எடுத்தார். அப்போ சிரிச்சு மழுப்பிட்டேன். கடுப்பு மட்டும் அடங்கல, அதான் இந்தப் பதிவு :-)

மாருதி 800 நீளம் 3335 மி.மீ., அகலம் 1440. ஸ்கார்ப்பியோ-என் 4662-க்கு 1917. பெருக்கிப் பாருங்க மக்களே. என் வண்டி ரோட்டுல 4.8 சதுர மீட்டர் பிடிக்குது, அவரோடது கிட்டத்தட்ட 9. என்னோடது 37 குதிரை, அவரோட பெட்ரோல் எஞ்சின் 200 குதிரை. காலைல ஓ.எம்.ஆர். சிக்னல்ல ரெண்டும் ஒரே வேகத்துலதான் ஊருது. ரெண்டுக்குள்ளயும் ஒரே ஒரு ஆளு, ஒரு லேப்டாப் பை.

"சேஃப்டி பாஸ்!"னு வருவீங்க, தெரியும். ஒத்துக்கறேன். என் வண்டியில ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. அதை எடுத்துக்கிட்டு திருச்சி ஹைவேல போக எனக்கே பயம், பஸ்லதான் போறேன். ஸ்கார்ப்பியோ-என் 2022-ல குளோபல் என்கேப்ல 5 ஸ்டார் வாங்குச்சு, நல்ல விஷயம். ஆனா 4 மீட்டருக்குள்ள இருக்கற அல்ட்ரோஸ் 2020-லயே அதே 5 ஸ்டார் வாங்கிடுச்சே! பாதுகாப்புதான் வேணும்னா அதுக்கு இவ்ளோ பெரிய உருவம் எதுக்கு?

இன்னொண்ணு, அந்த ஸ்டார் எல்லாம் முக்கியமா உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு. ரோட்டுல நடக்கறவனுக்கு? அமெரிக்காவுல ஐ.ஐ.எச்.எஸ். 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பானெட் 40 அங்குலத்துக்கு மேல உயரமா இருக்கற வண்டி பாதசாரியை இடிச்சா, தாழ்வா சரிஞ்ச பானெட் காரைவிட சாவு வர்ற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகமாம். நம்ம ஊர்ல பிளாட்ஃபாரமே இல்லாம எல்லாரும் ரோட்டுலதான் நடக்கறோம், ஞாபகம் வச்சுக்கோங்க.

எங்க தெரு மேற்கு மாம்பலத்துல ஒரு சந்து. ரெண்டு வருஷம் முன்னாடி ராத்திரி பதினொரு மணிக்கு எதிர்வீட்டுப் பாட்டிக்கு நெஞ்சுவலி. 108 வந்துடுச்சு, தெருவுக்குள்ள நுழைய முடியல. திருப்பத்துல ஒரு பெரிய எஸ்.யூ.வி. நிக்குது, ஓனர் யாருன்னே தெரியல. ஸ்ட்ரெச்சரை நானும் மூணு பேரும் தெருமுனை வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். பாட்டி பிழைச்சுட்டாங்க. அந்த இடத்துலதான் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நான் என் தீப்பெட்டியை நிறுத்தி வச்சிருந்தேன். ஆட்டோ, தண்ணி லாரி எல்லாம் தாராளமா போயிட்டு வரும்.

"என் காசு, என் வண்டி"ன்னு சிலர் சொல்வாங்க. வண்டி உங்க காசுதான் சார், தெரு யார் காசு? வயக்காடு, மலைப்பாதை, வீட்ல ஏழு பேர்னா வாங்குங்க, நான் வாயே திறக்கமாட்டேன். டி.நகர்ல புடவை வாங்க எதுக்கு ஃபோர் வீல் டிரைவ்?

டிஸ்கி: 20 வருஷம் தாண்டின காருக்கு மறுபதிவுக் கட்டணத்தை 2025-ல 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. எனக்கு 2028-ல வருது. "வித்துடலாமாடா"ன்னு அப்பா கேட்டார். இப்பவே மாசம் 300 ரூபாய் எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டேன்.